கம்ப்ரஸர் வாங்குவதற்கு முன் கொஞ்சம் வரலாறு

இது நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் ஒரு சின்ன அறையை ஒதுக்கி அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துப் பதிவு செய்து வருகிறார். பகலெல்லாம் அலுவலகம், இரவில் கிட்டார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் எனக்கு அனுப்பிய செய்தி: "சார், சொசைட்டியில் லோன் போட்டு ஒரு கம்ப்ரஸர் வாங்கலாம்னு இருக்கேன். அந்தக் காலத்து மாடலைப் பார்த்துச் செஞ்சது. ஒன்றே கால் லட்சம் ஆகும். கம்ப்ரஸர் வாங்கட்டுமா, லிமிட்டர் வாங்கட்டுமா?"

கிட்டாரில் எனக்கு ஒரு ஸ்வரம்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன், வால்வு ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவதில் பைத்தியம் உள்ளவன். இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்ற கதை தெரிந்தால் அவர் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கடன் சம்பந்தப்பட்ட விஷயம். அவரைப் போல வீட்டில் மைக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம்மில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் இல்லை. காற்றை அமுக்குவதில்லை, ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்குகிறது. ஒரு வரம்பு வைத்துக்கொள்ளும். ஒலி அதைத் தாண்டும்போது, தாண்டிய பகுதியை மட்டும் ஒரு விகிதப்படி குறைக்கும். விகிதம் 4:1 என்றால், வரம்பை 12 டெசிபல் தாண்டி வந்த ஒலி 3 டெசிபல் மட்டும் தாண்டியதாக வெளியே போகும். ஆக 9 டெசிபல் குறைந்தது. 2:1 என்றால் 6 குறையும். விகிதம் 10:1, 20:1 என்று ஏறினால் வரம்பில் மதில் கட்டியது போல ஆகிவிடும். அப்போது அதற்கு லிமிட்டர் என்று பெயர். இரண்டும் பங்காளிகள்தான். எவ்வளவு குறைப்பது என்பதோடு, எவ்வளவு சீக்கிரம் பிடிப்பது, எவ்வளவு சீக்கிரம் விடுவது என்ற இரண்டும் உண்டு. அட்டாக், ரிலீஸ் என்பார்கள். கிட்டாருக்கு உயிர்நாடியே அந்த இரண்டும்தான். பின்னால் வருகிறேன்.

இந்த வேலையை முதலில் செய்தது மனிதக் கை. 1927 சனவரி 7 அன்று நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே பொதுமக்களுக்கான தொலைபேசி சேவை தொடங்கியது. கடலுக்கடியில் தந்திக் கம்பி இருந்தது, பேச்சைக் கொண்டுபோகும் கம்பி கிடையாது. அதனால் பேச்சு வானொலி அலையாகத்தான் அட்லாண்டிக்கைக் கடந்தது. மூன்று நிமிடத்துக்கு 75 டாலர். அந்தக் காலத்து 75 டாலர் என்பதை நினைத்துப் பாருங்கள்! இவ்வளவு கொடுத்துப் பேசுகிறவர்களில் ஒருவர் கத்துவார், ஒருவர் முணுமுணுப்பார். கத்தினால் டிரான்ஸ்மிட்டர் திணறும். முணுமுணுத்தால் வானத்து இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். ஆகவே இரு கரையிலும் டெக்னிகல் ஆபரேட்டர் ஒருவர் உட்கார்ந்து, பேச்சைக் கேட்டுக்கொண்டே குமிழைத் திருகி அளவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அந்தக் கையின் வேலையை மின்சுற்றிடம் ஒப்படைக்கும் முயற்சிகளில் ஒன்று 1934-இல் வெளிவந்தது. மேதஸ், ரைட் என்ற இரண்டு பொறியாளர்கள் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் காம்பாண்டர் என்ற கருவியைப் பற்றி எழுதினார்கள். அனுப்பும் முனையில் ஏற்ற இறக்கத்தை அமுக்கி அனுப்புவது, பெறும் முனையில் மறுபடி விரித்துக்கொள்வது. வழியில் சேரும் இரைச்சல் விரிக்கும்போது அடங்கிவிடும். நம் வீட்டு கேசட் டெக்கில் டால்பி என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அதே 1927-இல்தான் ஸ்பெயின் தேசத்து ஆந்த்ரேஸ் செகோவியா ஹெச்.எம்.வி.க்காக முதன்முதலில் கிட்டார் வாசித்துப் பதிவு செய்தார். இசைக்கருவிகளில் கிட்டார் சாதுவானது. பியானோ, டிரம்பெட் பக்கத்தில் வைத்தால் காணாமல் போய்விடும். செகோவியாவோ கச்சேரி மேடையில் மைக் வைக்கச் சம்மதிக்காத பிடிவாதக்காரர். மெழுகுத் தட்டில் ஊசி கீறிக்கொண்டே போகும் அந்தப் பதிவுமுறையில் பின்னால் போய்த் திருத்துவது என்பதே கிடையாது. கலைஞர் எங்கே உட்கார வேண்டும், மைக் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், எந்த இடத்தில் மெல்ல வாசிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பொறியாளரின் காதும் வாசிப்பவரின் விரலும் சேர்ந்துதான் அங்கே கம்ப்ரஸர். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் பணம் மிச்சப்படுத்த உதவும்.

அடுத்து வானொலி. வீச்சுப் பண்பேற்றம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? ஊர்தி அலையின் உயரத்தைப் பாட்டின் அலை ஏற்றி இறக்கும். இறக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. சுழியத்துக்குக் கீழே இறக்க முடியாது. பாட்டு அதற்கு மேல் போனால் ஊர்தி அலை வெட்டுப்பட்டு, ஒலி கரகரத்து, பக்கத்து நிலையத்தின் அலைவரிசையிலும் சிதறி விழும். அதற்காக எப்போதும் அடக்கியே ஒலிபரப்பினால் தூரத்து ஊர்களில் கேட்காது. சராசரி அளவை 3 டெசிபல் உயர்த்த முடிந்தால் டிரான்ஸ்மிட்டரின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வானொலி முதலாளிகள் லிமிட்டரைத் தேடி ஓடியதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். இசையின் அழகு அப்போது யார் நினைவிலும் இல்லை.

கருவிக்கான விதை வானொலிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. 1925-ஐ ஒட்டி ஹரால்ட் வீலர் என்ற இளைஞர் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டைக் கண்டுபிடித்தார். பலமான நிலையம் வந்தால் பெட்டி தானாகவே பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும், பலவீனமான நிலையம் வந்தால் கூட்டிக்கொள்ளும். 1929-இல் ஃபில்கோ நிறுவனம் அதைத் தன் பெட்டியில் வைத்து விற்றது. தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் பச்சையாக ஒரு கண் விரிந்து சுருங்குமே, அந்தக் கண்ணை அசைத்தது இந்தக் கட்டுப்பாட்டு மின்னழுத்தம்தான். இதற்கென்றே தனியாக ஒரு வகை வால்வு வந்தது. கிரிட்டில் எதிர் மின்னழுத்தம் ஏற ஏற, சட்டென்று நின்றுவிடாமல் படிப்படியாகப் பெருக்கத்தைக் குறைக்கும் வால்வு. வேரியபிள் மியூ என்று பெயர். அதையே ஒலிபரப்பு நிலையத்துக்குள் கொண்டுபோய், வரும் ஒலியின் அளவாலேயே கிரிட்டைக் கட்டுப்படுத்தினால் லிமிட்டர் தயார். 1937-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கொண்டுவந்த 110ஏ வானொலி நிலையங்களில் பெயர் எடுத்த முதல் லிமிட்டர்களில் ஒன்று.

இசைத்தட்டுக்கு வேறு தலைவலி. பாடலின் ஓர் இடம் திடீரென்று உச்சத்துக்குப் போனால், தட்டை வெட்டும் ஊசி அகலமாக வெட்டிப் பக்கத்துப் பள்ளத்தில் விழும். வாங்கியவர் வீட்டில் ஊசி துள்ளும். 1959-இல் வந்த ஃபேர்சைல்டு 670 முக்கியமாக அந்த வேலைக்காக வந்த எந்திரம். வடிவமைத்தவர் எஸ்தோனியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ரைன் நார்மா. 20 வால்வுகள், முப்பது கிலோவை ஒட்டிய எடை. ஒரு ஸ்டூடியோ ரேக்கில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். உச்சியை 0.2 மில்லிவினாடியில் பிடிக்கும். விடுவதற்கு 25 வினாடி வரை எடுத்துக்கொள்ளும் அமைப்பும் அதில் உண்டு. இதன் ஒற்றைத் தடம் கொண்ட தம்பி 660, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்குப் போய் பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸைப் பிழிந்து எடுத்தது தனிக்கதை. தட்டு வெட்டுகிறவனின் பாதுகாப்புக் கருவியை இசைக்காரர்கள் "இதன் ஒலியே நன்றாக இருக்கிறதே" என்று பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பழைய 670 ஒன்று பல பத்தாயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. நம் மாணவர் பார்த்து ஏங்கும் படங்களில் முக்கால்வாசி இந்த வம்சம்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கலிஃபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரில் ஜிம் லாரன்ஸ் என்று ஒரு பொறியாளர். டைட்டன் ஏவுகணைத் திட்டத்துக்காக ஒளி உணரிகளில் வேலை செய்தவர். வானொலி நிலையத்தில் ஒலியளவைக் கையால் ஏற்றி இறக்கும் வேலையையும் அறிந்தவர். இந்த இரண்டு அனுபவத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். டெலிட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் தொடங்கி, 1960-களின் முதல் பாதியில் எல்ஏ-2ஏ என்ற கருவியைக் கொண்டுவந்தார்.

உள்ளே இருப்பது நீங்கள் ஆய்வகத்தில் கையில் பிடித்த பொருள்தான். எல்.டி.ஆர்.! ஒளி பட்டால் மின்தடை குறையும் காட்மியம் சல்பைடு துண்டு. இருட்டினால் தானே எரியும் தெருவிளக்கு மாதிரி ஒன்று அறிவியல் கண்காட்சிக்கு வருடா வருடம் யாராவது செய்து கொண்டுவருவீர்களே, அதே சாமான். லாரன்ஸ் செய்தது இவ்வளவுதான்: உள்ளே வரும் ஒலியால் ஓர் ஒளிர்தகட்டை எரியவிட்டார். ஒலி கூடினால் வெளிச்சம் கூடும். வெளிச்சம் எதிரே இருக்கும் எல்.டி.ஆர். மேல் விழும். அதன் தடை குறைந்து ஒலியின் ஒரு பகுதியைத் தரைக்கு இறக்கிவிடும். ஒலி தன் வெளிச்சத்தைக் கண்டு தானே அடங்குகிறது. முன்பக்கம் முக்கியமான குமிழ்கள் இரண்டே இரண்டு. ஒன்று எவ்வளவு அமுக்க, மற்றது எவ்வளவு மறுபடி உயர்த்த. அட்டாக், ரிலீஸ் குமிழே கிடையாது.

ஏன் கிடையாது? அந்த இரண்டையும் காட்மியம் சல்பைடே தன் சுபாவத்தால் தீர்மானிக்கிறது. பிடிக்கச் சுமார் 10 மில்லிவினாடி. விடும்போது பாதி தூரம் 60 மில்லிவினாடியில் சட்டென்று வரும். மீதிப் பாதிக்குச் சில வினாடிகள் ஆகும். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக வெளிச்சம் பட்டதோ, அதற்கேற்ப மெதுவாக மீளும். வெயிலில் இருந்து வீட்டுக்குள் வந்தால் கண் பழக நேரமாகிறதே, ஏறத்தாழ அப்படி. பொருளின் குறைபாடு என்று ஒதுக்க வேண்டிய ஒரு சோம்பல், இசைக்கு வரமாக அமைந்துவிட்டது.

இதைக் கிட்டார் கம்பியோடு பொருத்திப் பாருங்கள். கம்பியைச் சுண்டிய முதல் சில மில்லிவினாடிகளில் நகம் அல்லது பிளெக்டிரம் பட்ட "டிக்" ஓசை உச்சத்தில் இருக்கும். பிறகு ஸ்வரம் நின்று மெல்ல மெல்லக் கரையும். 10 மில்லிவினாடி தாமதித்துப் பிடிக்கும் கருவி அந்த "டிக்"கைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அதனால் வாசிப்பில் உயிர் இருக்கிறது. பிறகு உடம்புப் பகுதியை அமுக்கி, ஸ்வரம் கரையக் கரையப் பிடியையும் தளர்த்துகிறது. அதனால் ஸ்வரம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது போலக் கேட்கும். விரலால் மெதுவாக வாசிப்பவர்களுக்கு ஒளிவகைக் கம்ப்ரஸரைப் பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம். மந்திரம் ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிர் சுபாவம் 1176. பில் புட்னம் 1967-இல் கொண்டுவந்தது. வால்வுக்கும் ஒளிக்கும் பதிலாகப் புல விளைவு டிரான்சிஸ்டரை மின்தடையாகப் பயன்படுத்தியது. அட்டாக் 20 மைக்ரோவினாடி வரை போகும். அந்த நேரத்தில் காற்றில் ஒலி ஏழு மில்லிமீட்டர்கூட நகராது! பிளெக்டிரம் பிடித்து வேகமாக அடித்து வாசிக்கும்போது ஒவ்வோர் அடியிலும் எழும் முட்களை மழிக்க இந்த வேகம் உதவும். ஆனால் ஒரு கணக்கு போடுங்கள். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். ஓர் அலைக்குச் சுமார் 12 மில்லிவினாடி. பிடிப்பதும் விடுவதும் அதற்கு இணையான வேகத்தில் நடந்தால், கருவி ஒலியின் அளவைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு அலையின் வடிவத்தையே செதுக்க ஆரம்பிக்கும். காதுக்கு அது கரகரப்பு. ராக் பாடகரின் குரலுக்கு அந்தக் கரகரப்பு அழகு. ராத்திரி அறையில் தனியாக வாசிக்கும் கிட்டாருக்கு அநேகமாக வேண்டாம்.

டேவிட் பிளாக்மர் 1971-இல் தொடங்கிய டிபிஎக்ஸ் நிறுவனத்தைப் பற்றி நாலு வரி போதும். 1976-இல் வந்த டிபிஎக்ஸ் 160 மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கியை நம்பியது. அலையின் உச்சத்தை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ். அளவைப் பார்த்து இயங்கியது. ஆர்.எம்.எஸ். எதற்கு என்று வகுப்பில் சலித்துக்கொண்டவர்கள் கவனிக்க. இந்தச் சுற்று சில்லுக்குள் அடங்கியதும் கம்ப்ரஸர் விலை இறங்கி, சாதாரண ஆள் தொடக்கூடிய பொருளானது.

ஏறத்தாழ அதே நேரத்தில் பதிவுக் கருவியும் வீட்டுக்கு வந்தது. 1979-இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144, சாதாரண கேசட்டில் நான்கு தடம் பதியும் பெட்டி. 1982 சனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து இந்தப் பெட்டியில் அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலுமாகப் பாடல்களைப் பதிந்தார். பிறகு குழுவோடு முறையாகப் பதிவு செய்வதற்கான மாதிரி என்றுதான் அவர் நினைப்பு. ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டு, எதிரொலிக்கு ஓர் எக்கோப்ளெக்ஸ். இப்படித்தான் அந்தப் பட்டியல் சொல்லப்படுகிறது. ஸ்டூடியோவில் குழுவோடு மறுபடி முயன்றும் அந்த உணர்வு வரவில்லை என்று, கேசட்டில் இருந்ததையே அந்த ஆண்டு செப்டம்பரில் "நெப்ராஸ்கா" என்ற இசைத்தட்டாக வெளியிட்டார்கள். கேசட்டிலிருந்து தட்டுக்கு மாற்றுவதற்குள் பொறியாளர்களுக்கு விழி பிதுங்கிவிட்டது. கேட்டவர்கள் யாரும் அதற்காகத் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதுவரை வந்தவற்றைப் பாருங்கள். அட்லாண்டிக் தொலைபேசி, ஏ.எம். ஒலிபரப்பு, இசைத்தட்டு, காந்த நாடா. எல்லாமே குறுகலான வாசல்கள். மேலே போனால் இடிக்கும், கீழே போனால் இரைச்சலில் மூழ்கும். அந்த வாசலில் நுழைவதற்காகத்தான் இசையைக் குனிய வைத்தார்கள். இப்போது நம் மாணவரின் மேசையில் இருக்கும் இன்டர்ஃபேஸ் 24 பிட். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று வைத்தால் ஏட்டுக் கணக்குப்படி 144 டெசிபல் உயரமுள்ள வாசல். மின்சுற்றின் இரைச்சலால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது என்றாலும், கேசட் காலத்தவர் கனவிலும் காணாத உயரம். மீட்டரில் உச்சி ‑12-ஐத் தாண்டாதபடி வைத்துப் பதிந்தால் இழப்பது இரண்டு பிட். 22 பிட் கையில் இருக்கும். கிட்டாருக்கு அது ஏராளம். ஆக, பதியும்போதே கம்ப்ரஸர் போட்டாக வேண்டிய கட்டாயம் வீட்டில் இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் அன்று அப்படிச் செய்தார்கள் என்றால் நாடாவின் இரைச்சலுக்குப் பயந்து செய்தது அதில் பாதி.

அடுத்து, கடை விளம்பரத்தில் சொல்லாத ஒரு விஷயம். இந்தக் கம்ப்ரஸர்கள் லைன் அளவு மின்குறியை எதிர்பார்ப்பவை. மைக்கிலிருந்து வருவது அதைவிட மிகச் சிறியது. வீட்டு இன்டர்ஃபேஸ்களில் மைக் பெருக்கியும் டிஜிட்டல் மாற்றியும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் ஒட்டிப்போயிருக்கும். நடுவில் வேறு கருவியைச் செருகத் துளை இருக்காது. அப்படியானால் ஒன்றே கால் லட்சம் கொடுத்த பிறகு தனியாக ஒரு மைக் ப்ரீஆம்பும் வாங்க வேண்டிவரும். அதோடு, டிஜிட்டலாக மாறும் முன் அமுக்கியது அமுக்கியதுதான். காலையில் கேட்டு "அதிகமாகிவிட்டதே" என்றால் மறுபடி வாசிக்க வேண்டும். மென்பொருள் கம்ப்ரஸரில் ஒரு சொடுக்கில் பழைய நிலை திரும்பும். எல்ஏ-2ஏ, 1176 இரண்டின் சுபாவத்தையும் பின்பற்றும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. முதலில் அதுகூட வேண்டாம். ரீப்பர், கேரேஜ்பேண்ட் போன்றவற்றுடன் கூடவே வரும் கம்ப்ரஸர் போதும். விகிதம் 2:1 அல்லது 3:1, அட்டாக் 20-30 மில்லிவினாடி, ரிலீஸ் 200-ஐ ஒட்டி. பலமான இடங்களில் 3 அல்லது 4 டெசிபல் குறையும்படி வரம்பை இறக்குங்கள். அங்கிருந்து காதால் நகர்த்துங்கள்.

அதற்கும் முன்னால் செகோவியா காலத்துக் கம்ப்ரஸர் ஒன்று இலவசமாக இருக்கிறது. மைக் 15 சென்டிமீட்டரில் இருந்து, வாசிக்கும் போக்கில் உடம்பு 5 சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தால் ஒலி ஏறத்தாழ மூன்றரை டெசிபல் கூடும். மைக்கை 40 சென்டிமீட்டருக்குத் தள்ளிவைத்தால் அதே 5 சென்டிமீட்டர் சாய்வுக்கு ஒரு டெசிபலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. தலைகீழ் இருமடி விதி! ஒலித்துளைக்கு நேராக வைக்காமல் பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம் திருப்பினால் "பூம்" என்ற அடிச்சத்தமும் குறையும். தள்ளிவைத்தால் அறையின் சத்தம் சேரும் என்பீர்கள். உண்மைதான். அதற்குக் கம்ப்ரஸர் உதவாது, கெடுக்கும். 6 டெசிபல் அமுக்கி 6 டெசிபல் உயர்த்தினால், மெல்லிய ஒலிகளெல்லாம் இரட்டை வீச்சில் எழும்பி வரும். மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், கம்பியில் விரல் தேயும் "க்ரீச்", உங்கள் மூச்சு எல்லாம் முன்வரிசையில் வந்து உட்காரும். ஒன்றே கால் லட்சத்தில் கால் பங்கைக் கனமான திரைக்கும், புத்தக அலமாரிக்கும், நல்ல கம்பிக்கும், மைக்குக்கும் போட்டாலே வித்தியாசம் தெரியும். வாசிக்கும் நேரத்தில் ஃபேனை அணைக்கச் செலவே இல்லை, வியர்வைதான்.

கேட்டு ஒப்பிடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற பெல் ஆய்வக அறிஞர்கள் அளந்து காட்டியது: ஒலி சிறிதாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஸ்வரங்களை ஒழுங்காகப் பிடிப்பதில்லை. சற்றே சத்தமாக வைத்தால் அடியும் நிறைந்து, எல்லாம் "நன்றாக" ஆகிவிட்டது போலத் தோன்றும். கம்ப்ரஸர் போட்டவுடன் பெரும்பாலும் சத்தமும் கூடிவிடுவதால், கருவிக்குக் கிடைக்கும் பாராட்டில் பெரும்பங்கு சத்தத்துக்குச் சேர வேண்டியது. ஆகவே போட்டது, போடாதது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து, வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றி ஒலிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். எது எது என்று பத்துக்கு எட்டுத் தடவையாவது சரியாகச் சொல்ல முடிகிறதா? முடிந்து, போட்டதுதான் பிடிக்கிறது என்றால் அப்புறம் கடன் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம். விரலால் வாசிப்பவர் ஒளிவகையைப் பாருங்கள். வாடகைக்குக் கிடைத்தால் ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பழைய சரக்கு என்றால் 115 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பின்பக்கம் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

லிமிட்டர் பற்றிய கேள்விக்கு விடை சின்னது. தனிக்கருவியாக வாங்கவே வேண்டாம். 1994-இல் வேவ்ஸ் நிறுவனம் எல்1 என்ற மென்பொருளைக் கொண்டுவந்ததிலிருந்து லிமிட்டர் டிஜிட்டலுக்குள் குடிபோய்விட்டது. ஒலியைக் கண் இமைக்கும் நேரம் தாமதப்படுத்தி, வரப்போகும் உச்சியை முன்கூட்டியே பார்த்துத் தயாராகிக்கொள்ளும். வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் அந்த வசதி இருக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கடைசிப் படியில் உச்சவரம்பை ‑1 டெசிபலில் வைத்து, எப்போதாவது எட்டிப் பார்க்கும் உச்சியை மட்டும் பிடிக்கும்படி விடுங்கள். இன்னும் சத்தம் வேண்டும் என்று அதை அழுத்தாதீர்கள். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் அதிகச் சத்தமாக வரும் பாட்டைத் தாமே இறக்கிவிடுகின்றன. அழுத்தியதில் மிஞ்சுவது நசுங்கிய கிட்டார்.

பச்சைக் கண் வைத்த பழைய ரேடியோ யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால் கமெண்டில் ஒரு படம் போடுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. வால்வு எண் தெரியும்படி எடுத்தால் எனக்குச் சந்தோஷம்.